பாலெக்: கை மறவாத ஊர்

மாஸ்கோவுக்கு வடகிழக்கே, இவானவா மாகாணத்தில், பலெஷ்கா என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது பாலெக். 1947 வரை கிராமம். அதன்பின் பேரூர் போன்ற ஒரு நிலை. இன்றும் மக்கள்தொகை ஏறத்தாழ 5,000தான். இந்தச் சிறிய ஊரின் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். பக்தியால் வாழ்ந்த புனிதர் பட ஓவியக் கலையை ருஷ்யப் புரட்சி கொன்றுவிட்டது, எஞ்சியவை சுற்றுலாப் பயணிகளுக்கான அலங்காரப் பெட்டிகள் என்பது ஒன்று. இருளில் கிடந்த ஊருக்குப் புரட்சி புதுக்கலையைத் தந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே 1917ஆம் ஆண்டைக் கோடாகப் போட்டு ஊரை வெட்டுகின்றன. பாலெக் அப்படி வெட்டுப்படவில்லை என்பதே என் வாதம். அந்த ஊர் பொருளை மாற்றிக்கொண்டது, செய்முறையை விடவில்லை. அதைக் காத்தது நம்பிக்கையும் அல்ல, அரசும் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை.

அந்தக் கை எப்படிப் பழகியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாலெக் மக்கள் புத்தூர்லின் என்ற பிரபுக் குடும்பத்தின் பண்ணையடிமைகள். அவர்கள் ஆண்டைக்குப் பணமாக வரி கட்டினார்கள். அந்தப் பணத்துக்கு வழி ஐகான், அதாவது மரப்பலகையில் தீட்டும் புனிதர் படம். ருஷ்யர்கள் ஐகானை ‘வரைவது’ என்று சொல்வதில்லை, ‘எழுதுவது’ என்பார்கள். ஓவியம் எழுதுதல் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. ஒரு ஐகான் ஒருவர் கையில் பிறப்பதில்லை. முகத்தையும் கைகால்களையும் எழுதுபவர் ஒருவர்; ஆடை, மாடம், மலை, மரம் எழுதுபவர் வேறொருவர். முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம், அணில் முடித் தூரிகை, பிசினில் அரைத்த பொன் ஆகியவற்றைக் கையாளும் பக்குவம் சிறு வயதிலேயே வந்துவிடும். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின் சஃபோனவ் போன்ற பெரிய பட்டறைகள் வளர்ந்தன. 1882இல் கிரெம்ளின் அரண்மனையின் கிரனோவிதயா மண்டபச் சுவரோவியங்களை மீண்டும் எழுதியவர்கள் பாலெக்கைச் சேர்ந்த பெலவூசவ் சகோதரர்கள்.

முதல் அடி விழுந்தது புரட்சியால் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தகரத்தில் அச்சடித்த மலிவு ஐகான்கள் சந்தைக்கு வந்தன. மாஸ்கோவின் ஜாகோ - பொனாக்கர் ஆலை அவற்றைக் குவித்தது. பக்தி குறையவில்லை, ஆனால் ஓவியர்களின் பிழைப்பு குறைந்தது. நிலைமை முற்றியதால்தான் 1901இல் ஜார் இரண்டாம் நிக்கலாய் ஐகான் கலையைக் காக்க ஒரு குழுவையே அமைத்தார். பாலெக்கில் பயிற்சிப் பட்டறையும் வந்தது. கலையைப் பக்திதான் தாங்கியது என்பவர்கள் இந்தத் தகர ஐகான்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்கியவரின் பக்தி தகரத்தோடு நிறைவடைந்துவிட்டது. நிறைவடையாதது எழுதியவரின் கை.

1917க்குப் பிறகு ஐகானுக்கு ஆளில்லை. நிலத்தை உழுதார்கள், மரப்பட்டைச் செருப்பு முடைந்தார்கள், மரக் கரண்டிகளுக்கு வண்ணம் பூசினார்கள். அந்தத் தவிப்பில் பாலெக் ஓவியர் இவான் கோலிகவ் மாஸ்கோவின் கைத்தொழில் அருங்காட்சியகத்தில் ஃபெதொஸ்கினோ ஊரின் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தார். ஒட்டி அழுத்திய அட்டையை எண்ணெயில் ஊறவைத்து, சூளையில் காயவைத்து, வார்னிஷ் ஏற்றிய பெட்டிகள் அவை. ஃபெதொஸ்கினோக்காரர்கள் எண்ணெய் வண்ணத்தில் எழுதுவார்கள். கோலிகவ் அதே கறுப்பின்மேல் ஐகானின் முட்டை வண்ணத்தையும் பொன்னையும் ஏற்றினார். 1924 டிசம்பர் 5 அன்று ஏழு ஓவியர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பழைய ஓவியச் சங்கம்’. புத்தம்புதிய அரசில், புதிய பொருளில் பிழைக்கப் போகிறவர்கள் பெயரில் ‘பழைய’ என்பதை வைத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. அடுத்த ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய பெட்டிகள் விருது பெற்றன. நெருங்கிப் பார்த்தால் பழையது எங்கும் தெரியும்: படிப்படியாக ஏறும் மலைகள், நீண்ட மெல்லிய உடல்கள், ஆடை மடிப்புகளில் ஓடும் பொற்கோடுகள். கோலிகவின் மூன்று குதிரை வண்டியில், விவிலியத்தின் எலியாவை விண்ணுக்கு ஏற்றிய தீக்குதிரைகளைக் காண்கிறேன்.

அரசு வாங்காவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்நியச் செலாவணிக்காக அரசு இந்தப் பெட்டிகளை ஏற்றுமதி செய்தது; எழுத்தாளர் மக்சீம் கோர்க்கி ஆதரித்தார்; 1935இல் அருங்காட்சியகம் வந்தது. ஆனால் ஆதரவு எங்கே வேரூன்றியது என்று பாருங்கள். அடுத்தடுத்து இதே வழியில் பெட்டிக்கு மாறிய ம்ஸ்தியோரா, ஹொலூய் இரண்டும் ஐகான் ஊர்கள்தாம். அரசின் பணம் சந்தையைத் தந்தது. முகம் எழுதத் தெரிந்த நூற்றுக்கணக்கான கைகளை எந்த ஆணையாலும் ஓரிரு ஆண்டுகளில் உண்டாக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வழிபடும் படத்தையும் நகை வைக்கும் பெட்டியையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கக் கூடாது. மண்டியிட்டவர் முன் இருந்த படம் மேசைப் பொருளானதில் ஓர் இழப்பு உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் 1980களின் இறுதியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயம் மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தது; நாடெங்கும் ஆலயங்கள் எழும்பின; ஐகானும் சுவரோவியமும் எழுத ஆள் தேவைப்பட்டது. எழுபது ஆண்டு இடைவெளிக்குப் பின் பாலெக்கில் ஆள் இருந்தது. நெருப்புப் பறவையையும் நாட்டுப்புறக் கதைகளையும் எழுதிய அதே தூரிகை, அதே முட்டைக் கரு. ஐகானுக்குப் பதிலாக வந்ததாகச் சொல்லப்படும் பெட்டிதான் ஐகானை அடைகாத்திருக்கிறது.

இன்றைய பாலெக் செழிப்பான ஊர் அல்ல. சோவியத் கால ஒற்றைப் பட்டறை சிதறிப் பல சிறு குழுக்களாகிவிட்டது. பலர் வீட்டிலேயே எழுதுகிறார்கள். ஓவியப் பள்ளி நடக்கிறது. பகையும் பழைய பகைதான்: அச்சுப் படத்தை ஒட்டி, மேலே இரண்டு கோடு இழுத்து, பாலெக் என்று விற்கும் போலிகள். அன்றைய தகர ஐகானின் வாரிசுகள் இவை. ஒரு நல்ல பெட்டிக்கு மாதக்கணக்கில் உழைப்பு உண்டு. பொற்கோடுகளை இன்றும் ஓநாய்ப் பல்லால் தேய்த்துத்தான் மெருகேற்றுகிறார்கள். ஐகானில் எழுதியவர் பெயரிடும் வழக்கம் இல்லை. பெட்டியில் உண்டு: ஓவியரின் பெயரும் ஆண்டும் ஊரின் பெயரும், அடியோரத்தில், பொன்னெழுத்தில்.