பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த நீதியரசர்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் நாம் விழுப்புரத்துக்காரர்கள். 1993க்கு முன் தென்னார்க்காடு, தலைநகர் கடலூர். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையின் கதை தனி. அங்கே 1976 வரை ஜாகீர்தார்களின் செல்வாக்குதான்.

எல்லைகள் இப்படி மாறிவந்ததால், முன்னோடியை நம் ஊருக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. வக்கீல், நீதிபதி, சட்டமன்ற உறுப்பினர் என மூன்று நாற்காலிகளிலும் அமர்ந்த ஆங்கிலேயர் காலத்து முன்னோடி ஒருவரைப் பற்றி இந்த மலருக்கு எழுத வேண்டும் என்றதும், மணி ஐயர்தான் நினைவுக்கு வந்தார். நம் ஊர்க்காரர் அல்லர், ஆனாலும் நம்மவர்.

மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர் 1842இல் மதுரையில் பிறந்தார். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. வேலை பார்த்துக்கொண்டே படித்து பி.எல். தேறினார். 1884இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். அப்போது தேர்தல் ஏது? கவர்னர் நியமித்தவரே உறுப்பினர். அப்படி உள்ளே போனவர் மறு ஆண்டே பம்பாயில் கூடிய முதல் காங்கிரசிலும் போய் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. நீதிபதி முத்துசாமி ஐயர் 1895இல் மறைந்தபின் உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதி. தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1907இல் ஓய்வு.

வேறொருவராக இருந்தால் வாழ்க்கை வரலாறு அங்கே முடிந்திருக்கும். 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரை அரசு காவலில் வைத்தது. அவருடைய ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவராக இருந்த மணி ஐயர், 74 வயதில், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கே கடிதம் எழுதினார். ஜனநாயகத்துக்காகப் போர் புரிவதாகச் சொல்லும் நேச நாடுகளில் ஒன்று இந்தியாவை எப்படி நடத்துகிறது என்று முறையிட்டார். கடிதத்தை ஓர் அமெரிக்கத் தம்பதியர் கையோடு கொண்டுபோனார்கள். லண்டனில் பெரும் கூச்சல். இந்திய மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் 1918இல் திருப்பி அனுப்பிவிட்டார் ஐயர். 1924இல் காலமானார்.

அவர் அமர்ந்த உயர் நீதிமன்றம்தான், 2024இல் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்வுநிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வழக்கு சென்னையில் நடந்தாலும், சாதிச் சான்று, வனநிலப் பட்டா என்று அலைகிறவர்கள் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இருக்கிறார்கள். இளம் வக்கீல்கள் மாதம் ஒரு நாளாவது மலைக்குப் போய், கட்டணமில்லாமல் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள்.