ரக்பி ஏணியின் ஒன்பதாவது படி

ஐ.பி.எல். நடக்கும் நாட்களில் செய்தித்தாளைப் பிரித்ததும் பலருக்கும் கண் முதலில் போவது புள்ளிப் பட்டியலுக்குத்தான். ஆடியது, வென்றது, தோற்றது, புள்ளி என்று நாலைந்து கட்டங்கள். யார் மேலே, யார் கீழே என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். விளையாட்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பட்டியலும் கூடவே பிறந்திருக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இங்கிலாந்தின் ரக்பி யூனியன், தனக்கென்று சங்கம் அமைத்த நாளிலிருந்து 116 ஆண்டுகள் இந்தப் பட்டியலை வாசற்படி ஏறவிடவில்லை. பட்டியல் வந்தால் போட்டி முற்றும், போட்டி முற்றினால் காசு நுழையும், காசு நுழைந்தால் ஆட்டம் கெடும் என்று அதன் பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

கதை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. 1870 டிசம்பரில் ரிச்மண்ட் கிளப்பின் செயலாளர் எட்வின் ஆஷும் பிளாக்ஹீத் கிளப்பின் பி.எச். பர்ன்ஸும் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதினார்கள். ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு விதியில் ஆடுகிறது, ஒரே விதிக்கு வருவோம் என்பது அவர்கள் கோரிக்கை. 1871 ஜனவரி 26 அன்று லண்டனில் பால் மால் என்ற உணவகத்தில் 21 கிளப்புகள் கூடி ரக்பி சங்கத்தை அமைத்தன. வர வேண்டிய வாஸ்ப்ஸ் கிளப்பின் ஆள் இடத்தைக் குழப்பிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார் என்று இன்றுவரை ஒரு கதை சொல்வார்கள். விதிகள் எழுதப்பட்டன. யார் யாரோடு எப்போது ஆடுவது என்பது மட்டும் கிளப்புகளுக்குள் கடிதப் போக்குவரத்தாகவே நின்றது. எல்லாமே நட்பு ஆட்டங்கள்.

இந்த ஏற்பாட்டை அசைத்துப் பார்க்கும் முதல் வாய்ப்பு வந்தது கல்கத்தாவிலிருந்து. 1872 கிறிஸ்துமஸ் அன்று அங்கே ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் 20 பேர். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே கல்கத்தா கிளப் பிறந்தது. ஆனால் வங்காளத்து வெயிலில் ரக்பி நிலைக்கவில்லை. போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் கிளப்பைக் கலைக்க வேண்டியதாயிற்று.

வங்கியில் கிடந்த பணத்தை என்ன செய்வது? உறுப்பினர்கள் அதை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, இந்தியக் கொல்லர்களைக் கொண்டு ஒரு கோப்பை செய்வித்தார்கள். மூன்று பக்கமும் மூன்று நாகங்கள் கைப்பிடியாக வளைந்து நிற்கின்றன. மூடியின் மேல் ஒரு யானை. 1878-ல் அது லண்டன் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கால்பந்தில் எஃப்.ஏ. கோப்பை இருப்பதுபோல, ஆண்டுதோறும் கிளப்புகள் மோதிக்கொள்ளும் பரிசாக இது இருக்கட்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் ஆசை. சங்கம் கோப்பையை வாங்கிக்கொண்டு யோசனையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கிளப்புகளுக்குள் போட்டி வேண்டாம், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. 1879-லிருந்து இன்றுவரை அந்த இரு நாடுகளும் ஆடுவது நம் ஊர் ரூபாயை உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான். கிளப் போட்டிக்கான தேசியக் கோப்பை இங்கிலாந்தில் பிறக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்கே இப்படியென்றால், வடக்கே யார்க்‌ஷரிலும் லங்காஷரிலும் காற்று வேறு பக்கம் அடித்தது. அங்கே ரக்பி ஆடியவர்கள் நூற்பாலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும். சனிக்கிழமை அரை நாள் விடுப்பில் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். 1877-லேயே யார்க்‌ஷர் தனக்கென்று ஒரு கோப்பையை வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் பக்கத்து வீடான கால்பந்தில் பட்டியல் பிறந்தது. பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்கிரிகர், நட்பு ஆட்டங்கள் கடைசி நேரத்தில் ரத்தாகி ரத்தாகி ஆஸ்டன் வில்லாவின் வருமானம் போவதைப் பார்த்து அலுத்துப்போனார். 1888-ல் சில கால்பந்து கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். 12 கிளப்புகள், நிச்சயமான ஆட்டங்கள், ஒரு பட்டியல். அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் 1876-லேயே இப்படியொரு லீக்கை ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலும், கால்பந்துக்கு இது புதிது.

வடக்கத்தி ரக்பி கிளப்புகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 1892-ல் யார்க்‌ஷரின் பெரிய கிளப்புகள் தங்களுக்குள் ஒரு லீக்கை நடத்தத் தொடங்கின. கூட்டம் பெருகியது, நுழைவுக் கட்டணம் பெருகியது. கூலியை இழந்து ஆட வரும் தொழிலாளிக்கு அந்த இழப்பையாவது ஈடுகட்டலாமே என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1893-ல் லண்டனில் நடந்த பொதுக்கூட்டத்தில் அந்தக் கோரிக்கை 282-க்கு 136 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கு பிரிந்துபோனது. ஒரு நாள் கூலி இழப்புக்கு 6 ஷில்லிங், 22 கிளப்புகளுக்கு ஒரே லீக். பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்ற தனி விளையாட்டானது இதுதான். அதன் முதல் சாம்பியன் மேனிங்கம் கிளப், எட்டே ஆண்டுகளில் ரக்பியையே விட்டுவிட்டு பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கால்பந்து அணியாக மாறியது தனி வேடிக்கை.

15 பேர் ஆடும் யூனியன் பக்கம் விழுந்த அடி பலமானது. 1893-ல் 481 கிளப்புகள் இருந்த சங்கத்தில், பத்தாண்டு கழித்து எஞ்சியவை 244. அன்றிலிருந்து ‘லீக்’ என்றாலே சங்கத்துப் பெரியவர்களுக்குப் பிரிவினையின் நினைவுதான் வந்தது. வடக்கோடு உறவு வைத்த ஆட்டக்காரருக்கு ஆயுள் தடை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பாதி வீட்டை இழந்தவர்கள் அவர்கள். ஆனால் பணத்தின் மேல் இருந்த கோபத்தைப் பட்டியலின் மேல் காட்டினார்கள்.

தடை போட்ட இடத்தில் சந்து ஒன்று இருக்கத்தானே செய்யும்? ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் ஹாயிக், கேலா, ஜெட்பரோ, லாங்கம், மெல்ரோஸ் ஆகியவை கூப்பிடு தூரத்தில் அமைந்த சிறிய ஊர்கள். 1901-ல் அவை சத்தமில்லாமல் ‘பார்டர் லீக்’ என்று ஒன்றை ஆரம்பித்தன. காசு விஷயத்தில் லண்டனைவிடக் கறாரானது ஸ்காட்லாந்துச் சங்கம். அதன் நிழலிலேயே உலகின் மிகப் பழைய ரக்பி யூனியன் லீக் வளர்ந்தது. பிரான்ஸில் 1892-லேயே தேசியச் சாம்பியன் போட்டி வந்துவிட்டது. இரண்டே கிளப்புகள், ஒரே ஆட்டம், நடுவர் யார் தெரியுமா? பின்னாளில் ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியேர் தெ கூபெர்த்தான். அந்தப் போட்டி வளர வளர முரட்டு ஆட்டமும் ரகசியச் சம்பளமும் வளர்ந்தன. அதைக் காரணம் காட்டி 1931-ல் பிரிட்டிஷ் சங்கங்கள் பிரான்ஸோடு ஆடுவதையே நிறுத்திக்கொண்டன.

பட்டியல் இல்லாத இங்கிலாந்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்றால், ஒவ்வொரு கிளப்பிலும் ஆட்டங்களை ஏற்பாடு செய்த செயலாளர் கையில். பல ஆண்டுகளுக்கு முன்பே நாள் குறித்துவிடுவார்கள். பழைய பெயர் பெற்ற கிளப் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அதன் ஆட்டங்கள் அப்படியே இருக்கும். சிற்றூர் கிளப் எவ்வளவு வென்றாலும் பெரிய கிளப்பின் நாட்குறிப்பில் இடம் கிடைக்காது. கனவான்களின் நட்பு ஆட்டம் என்று புகழப்பட்ட முறையில் இருந்த பெரிய அநீதி இதுதான்.

பத்திரிகைகள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே பட்டியல் போட ஆரம்பித்தன. கிளப்புக்குக் கிளப் ஆட்டங்களின் எண்ணிக்கை மாறும் என்பதால் வெற்றி சதவீதத்தை வைத்துக் கணக்கு. 1973-ல் ஸ்காட்லாந்து நாடு முழுவதற்கும் அதிகாரபூர்வ லீக்கைக் கொண்டுவந்தது. 1976-ல் இங்கிலாந்து பாதிக் கிணறு தாண்டியது. ‘தகுதிப் பட்டியல்’ என்ற பெயரில் வட்டார அளவில் தரவரிசை. பிறகு தேசிய அளவிலும் அப்படியொன்று, ஜான் ஸ்மித்ஸ் என்ற பீர் நிறுவனத்தின் ஆதரவில்.

முழுக் கிணற்றைத் தாண்ட வைத்ததும் பீர்தான். 1787-ல் ஜான் கரேஜ் லண்டனில் தொடங்கிய மதுவடிசாலை, சரியாக 200 ஆண்டு கழித்து 1987-ல் கரேஜ் லீக்குகளுக்குப் பெயரும் பணமும் தந்தது. ஏறத்தாழ 1,000 கிளப்புகள், 108 லீக்குகள். உச்சியில் தேசியப் பிரிவுகள், அடியில் மாவட்ட அளவில் சின்னச் சின்ன லீக்குகள், எல்லாவற்றையும் இணைத்து ஒரே ஏணி. வென்றால் மேலே ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். முதல் பருவத்தில் பழைய வழக்கத்தின் வாசனை போகவில்லை. யார் எப்போது ஆடுவது என்பதைக் கிளப்புகளே பேசி முடித்துக்கொண்டன. வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2, தோற்றாலும் ஆடியதற்கு 1. முதல் சாம்பியன் லெஸ்டர்.

பெரிய கிளப்பின் கதவு இனி எவருக்கும் மூடியிருக்கவில்லை. விகன் நகரத்துக்குப் பக்கத்தில், 13 பேர் ரக்பியின் கோட்டைக்குள்ளேயே இருந்த ஆரல் என்ற சிறிய கிளப், 1992-ல் பாத் கிளப்போடு சம புள்ளியில் நின்று, அடித்த–வாங்கிய புள்ளி வித்தியாசத்தில்தான் பட்டத்தை இழந்தது. மூன்றாம் பிரிவில் தொடங்கிய எக்ஸிடர் 2010-ல் உச்சிக்கு வந்து 2017-ல் சாம்பியனானது. பக்கத்து நாடுகளும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1990-ல் அயர்லாந்தும் வேல்ஸும் தங்கள் லீக்குகளைத் தொடங்கிவிட்டன. வேல்ஸ் லீக்கின் அன்றைய பெயர் ஹைனகன். மறுபடியும் பீர்.

பெரியவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதுவும் நடந்தது. பட்டியல் வந்த எட்டாவது ஆண்டில், 1995 ஆகஸ்டில், ரக்பி யூனியன் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அறிவித்தது. ஹட்டர்ஸ்ஃபீல்டுப் பிரிவினைக்குச் சரியாக நூறாண்டு. ஏணியில் ஏற மட்டும்தான் எல்லோரும் கனவு கண்டிருந்தார்கள். இறங்குவது எப்படி இருக்கும் என்பதைச் சம்பள யுகம் காட்டியது. ஒரு கோடீஸ்வரரின் பணத்தில் முழுத் தொழில்முறைக்கு மாறிய ரிச்மண்ட், 1999-ல் திவாலானது. சங்கம் பிறக்கக் கடிதம் எழுதிய ஆஷின் கிளப், அதே சங்கத்தின் ஏணியில் அடிப்படியிலிருந்து அமெச்சூர் அணியாக மீண்டும் தொடங்கியது. 16 ஆண்டு ஏறி, 2016-ல் இரண்டாம் அடுக்கை எட்டியது.

அடுத்த ஆண்டே லண்டன் வெல்ஷ் விழுந்தது. 1885-ல் பிறந்த கிளப். 1971-ல் நியூசிலாந்தை அதன் மண்ணிலேயே வென்ற பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு, கேப்டன் ஜான் டாவ்ஸ் உட்பட 7 பேரைத் தந்த கிளப். 2014–15 பருவத்தில் உச்சப் பிரிவில் 22 ஆட்டங்களும் தோல்வி. 2017-ல் கடனில் மூழ்கி உரிமத்தை இழந்தது. அடுத்த பருவத்தில் அது ஆடியது ஒன்பதாம் அடுக்கில், ஹெர்ட்ஸ்–மிடில்செக்ஸ் 1 என்ற லீக்கில். மிடில்செக்ஸ் என்ற கவுண்டியின் நிர்வாகம் 1965-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. கிரிக்கெட்டும் ரக்பியும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகின்றன. அந்த லீக்கில் லண்டன் வெல்ஷ் முதல் முயற்சியிலேயே வென்று ஒரு படி ஏறியது.

இந்த அடுக்கில் ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும்? திங்களன்று வேலைக்குப் போக வேண்டிய குழாய்ப் பணியாளர்களும் ஆசிரியர்களும் களத்தில் இருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் இரண்டு வரிசையாக நின்று ஒருவரையொருவர் கைதட்டி உள்ளே அனுப்புவார்கள். விருந்தாளி அணிக்குச் சாப்பாடு போடுவது உள்ளூர் அணியின் பொறுப்பு. ஸ்க்ரம்மின் முன்வரிசையில் முட்டுக்கொடுத்து நிற்கப் பழகியவர்கள் போதாவிட்டால், பாதுகாப்புக்காக யாரும் தள்ளாத ஸ்க்ரம்மாக ஆட வேண்டும். போதிய ஆட்கள் தேறாத அணி, ஆடாமலே ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நேரும். அப்போது எதிரணிக்கு 5 புள்ளி போகும். ஒரு காய்ச்சல் வாரமோ ஒரு கல்யாணமோ பட்டியலையே மாற்றிவிடும். தென் அரைக்கோளத்தில் 1996-ல் சூப்பர் 12 போட்டி பரப்பிய போனஸ் புள்ளியும் இந்தப் படிவரை இறங்கி வந்திருக்கிறது. நாலு ட்ரை அடித்தால் ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒன்று.

இவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய எதிரி தூரம். ஒரு படி ஏறினால் பயணம் நீளும், பயணம் நீண்டால் ஆள் குறையும். அதனால்தான் 2022-ல் சங்கம் ஏணி முழுவதையும் பிரித்துக் கட்டியது. ஐந்தாம், ஆறாம் அடுக்குகள் ‘ரீஜனல்’ என்றும், ஏழிலிருந்து கீழே ‘கவுண்டீஸ்’ என்றும் பெயர் மாறின. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் முடிந்தவரை ஒரே லீக்கில் சேர்க்கப்பட்டன. 1901-ல் ஹாயிக்கும் மெல்ரோஸும் கண்டுபிடித்த ஏற்பாடு ஏறத்தாழ இதுவேதான்.