மின்சிங் லேன் விலையும் செக்ரோல் பேரும்

1992ஆம் ஆண்டில் ராபர்ட் கப்லன், டேவிட் நோர்ட்டன் ஆகிய இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் ‘சமநிலைப் புள்ளியட்டை’ என்னும் அளவீட்டு முறையை முன்வைத்தனர். ஒரு நிறுவனத்தின் செயற்றிறனை நிதிக்கணக்கு மட்டும் காட்டாது. வாடிக்கையாளர் நோக்கு, உள்ளகச் செயன்முறை, புத்தாக்கமும் கற்றலும் ஆகியனவும் உடன் அளக்கப்பெறல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. மேலாண்மை நூல்கள் பல இதனை ஒரு புதுத் தொடக்கமாகவே போற்றுகின்றன. இலண்டனில் பதிவுபெற்று இலங்கை மலையகத்தில் தேயிலை பயிரிட்ட கம்பனிகளின் நிருவாகத்தை நோக்குவார்க்கு அக்கூற்று முற்றிலும் ஏற்புடையதாகத் தோன்றாது.

ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டத்திலிருந்து 1873இல் இலண்டன் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே என்பர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தோட்டங்கள் பல இலண்டன் கம்பனிகளின் உடைமையாயின. தோட்டத்தை நாளும் கண்ணாற் காணாத இயக்குநர் சபை அதனை எவ்வாறு மதிப்பிட்டது? ஏக்கருக்கான விளைச்சல், இறாத்தலுக்கான உற்பத்திச் செலவு, மின்சிங் லேன் ஏலத்தில் கிட்டிய சராசரி விலை ஆகியன கொழும்பு ஏஜென்சி நிறுவனங்கள் வழியாக அதனை எட்டின. இவற்றோடு விசிட்டிங் ஏஜென்ட் என்னும் மேற்பார்வையாளர் நேரிற் சென்று, செடிகளின் நிலை, கவ்வாத்து, தொழிற்சாலை, ஆட்பலம் ஆகியவற்றைக் குறித்து அறிக்கை எழுதினார். இலண்டன் தரகர் தேநீரைச் சுவைத்துக் கூறிய கருத்தும் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் நோக்கு என இன்று வழங்குவது அதுவன்றி வேறு யாது?

ஆயினும் இவ்வளவைகள் மலையேறியபொழுது ஒன்றாகச் சுருங்கின. ஏலவிலை தோட்டத்துரையின் கைக்கு எட்டாதது, செலவு எட்டுவது. செலவிற் பெரும்பங்கு கூலி. எனவே அவர் காட்டத்தக்க திறமை செக்ரோல் என்னும் பேரேட்டிலேயே அடங்கிற்று. ஒருநாள் வேலை முழுமையாக ஏற்கப்பெற்றால் ‘பேர்’. குறித்த அளவு கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. வேலைக்கு வந்த ஆட்களின் தலைக்கணக்கிற்கேற்பக் கங்காணிக்கும் சில காசு கிடைத்தது. நோயுற்றவரையும் மலைக்கு அனுப்பும் தூண்டுதல் அக்கணக்கிலேயே இருந்தது. ஆளைக் குறித்த ‘பேர்’ என்னும் சொல் ஒருநாட் கூலியைக் குறிக்கலாயிற்று. இப்பொருண்மாற்றம் அகராதி தொகுப்போர் கருதத்தக்கது. அளவைகள் எத்தனை என்பதைவிட, அளவை நிருணயிப்பவர் யார், குறைவின் சுமையை ஏற்பவர் யார் என்பனவே இவ்வரலாற்றில் முதன்மையான வினாக்கள்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. புள்ளியட்டைக் கட்டுரை வெளிவந்த அதே 1992இல், தற்செயலாக, அவற்றின் முகாமைத்துவம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் வகுத்த 730 ரூபா நாட்சம்பளத்தில் அடிப்படை 500 மட்டுமே. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. வரவோ கொழுந்தோ குறைந்தால் அவ்விரு கொடுப்பனவுகளும் இல்லை. அரைப்பேரின் சாயலை இதிற் காண்பது மிகையன்று. தொழிலாளர் அடிப்படைச் சம்பளத்தையே உயர்த்துமாறு போராடினர். 2019 ஒப்பந்தத்தில் வரவு, உற்பத்தித்திறன் கொடுப்பனவுகள் நீங்கி அடிப்படை 700 ஆயிற்று. விலைப்பங்கு மட்டும் 50 ரூபாவாக நிலைத்தது. 1998 சூன் 29இல் இலண்டன் ஏலம் முடிவுற்றிருந்தமையால், அவ்விலையைக் கூறும் இடம் அப்பொழுது கொழும்பாக இருந்தது.