மயக்க மருந்து கொடுக்கும் நர்சுக்கு மார்க் போடுவது எப்படி?

நம்ம ஊர்ல ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர். அமெரிக்காவில் அந்த வேலையை நூறு வருஷத்துக்கும் மேலாக நர்சுகளும் செய்கிறார்கள். அதற்குத் தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ் எல்லாம் உண்டு. அந்தப் படிப்பில் இருக்கும் ஒரு மாணவியை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி சுலபமாகத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு சிக்கல் இருக்கு. சமையலில் உப்பு கூடினால் சாப்பிடுபவர் சொல்லிவிடுவார். இங்கே நோயாளி தூங்குகிறார். சின்னத் தவறுகள் நடந்தாலும் பெரும்பாலும் நல்லபடியாக எழுந்துவிடுவார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆரம்ப காலத்தில் அளவுகோல் ஒன்றுதான்: நோயாளி பிழைத்தாரா? மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில், மேயோ சகோதரர்களிடம் வேலை பார்த்த நர்ஸ் ஆலிஸ் மகா, 1906ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 14,000க்கும் அதிகமான அனஸ்தீஷியா, மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை! ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நோயாளியிடம் பேசிக்கொண்டே தூங்க வைப்பது அவர் பாணி. வெளியூர்களிலிருந்து வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். ஆனால் பார்த்துவிட்டுப் போனவருக்கு அந்தக் கை வந்ததா என்று சோதிக்க வழி இல்லை.

இதற்கு முன்பே, 1890களின் நடுவில், பாஸ்டனில் ஹார்வி குஷிங், எர்னஸ்ட் காட்மன் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அப்போது ஈதர் கொடுப்பது மாணவர்களின் வேலை. யார் நன்றாகக் கொடுக்கிறார்கள் என்று இருவருக்குள் ஒரு விருந்துப் பந்தயம். ஆபரேஷன் முழுக்க நாடித்துடிப்பு, மூச்சு இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் துறை பாஷையில் சொன்னால், அது ஒரு லாக் ஃபைல். பிழைத்தார் என்பதோடு நிற்காமல், எப்படிப் பிழைத்தார் என்றும் பிறகு படித்துப் பார்க்கலாம்.

1915ல் கிளீவ்லாந்தின் லேக்சைடு மருத்துவமனையில் அகதா ஹாட்ஜின்ஸ் முறையான அனஸ்தீஷியா பள்ளியை நடத்தத் தொடங்கினார். 1931ல் நர்சுகளுக்குத் தேசிய சங்கம் உருவானது. நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதம் என்று டாக்டர்கள் தொடுத்த வழக்கில், 1936ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாக்மர் நெல்சன் என்ற நர்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செய்யலாமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. செய்யத் தெரியுமா என்பது பாக்கி. 1945 ஜூன் 4 அன்று முதல் தேசியத் தேர்வு நடந்தது. ஆனால் அது எழுத்துத் தேர்வு, கையைச் சோதிக்காது.

கைக்கு என்ன வழி? எண்ணிக்கை. இன்றைய விதிப்படி குறைந்தது 600 கேஸ், 2000 மணிநேரம் மருத்துவமனைப் பயிற்சி. வேடிக்கை பார்த்தது கணக்கில் சேராது. இதைப் படித்ததும் எனக்கு கோட் கவரேஜ்தான் ஞாபகம் வந்தது. நூறு சதவீதம் என்று காட்டினால், எல்லா வரிகளும் ஒருமுறை ஓடின என்று அர்த்தம். சரியாக ஓடினவா என்பது வேறு விஷயம்.

மீதிக்குப் பக்கத்தில் நிற்கும் சீனியர் போடும் மதிப்பீடுதான். இங்கேதான் மனித சுபாவம் நுழைகிறது. தினமும் கூட வேலை செய்யும் பெண்ணைப் பெயிலாக்க மனசு வராது. ‘நன்று’ என்று டிக் அடித்துவிட்டுப் போவது சுலபம். இதன் விலையைத் தருவது பின்னாளில் வரும் நோயாளி.

இதற்கு மாற்று முயற்சிகளும் பழையவைதான். 1960களின் இறுதியில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிம் ஒன் என்ற பொம்மை வந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மூச்சு விடும், மருந்துக்கு ஏற்ப மாறும். 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழு, மாணவர்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க அனஸ்தீஷியா டாக்டர்களுக்கான வாரியத் தேர்வில் 2018ல் இது சேர்ந்தது. நர்சுகளின் தேசியத் தேர்வோ இன்னும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதுவதுதான்.

ஆக, கடைசியில் எல்லாம் அந்தச் சீனியர் நிரப்பும் தாளில்தான் வந்து நிற்கிறது. அதில் ‘நன்று’ என்பதற்குப் பதிலாக, மெஷினை முன்கூட்டியே சோதித்தாரா, சிரிஞ்சில் லேபிள் ஒட்டினாரா, முதல் முறை குழாய் இறங்காதபோது என்ன செய்தார், எப்போது உதவிக்குக் கூப்பிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். குஷிங்கும் காட்மனும் விருந்துக்காகச் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதானே?