'காதலிக்க நேரமில்லை': நாகேஷுக்கு ஈடுகொடுத்த சச்சு!

நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் சீனை ரீல்ஸில் பார்த்து சிரிச்சிருப்பீங்க. அது 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்து அழவைத்த ஸ்ரீதர், சித்ராலயா கோபுவோடு சேர்ந்து எழுதிய கலர்ஃபுல் ரொமான்டிக் காமெடி.

பணக்கார அப்பா பாலையா. மகள்கள் காஞ்சனா, ராஜஸ்ரீ. ராஜஸ்ரீயைக் காதலிக்கும் ரவிச்சந்திரன், தான் கோடீஸ்வரர் மகன்னு புளுகுகிறார். அந்தக் 'கோடீஸ்வர அப்பா'வா வேஷம் போட்டு வர்றது நண்பர் முத்துராமன். அவர் லவ் பண்றதோ காஞ்சனாவை! அப்புறமென்ன, ரகளைதான்.

இதில் இரண்டு ஹீரோயின்களைத் தாண்டி கவனிக்க வேண்டியவர் சச்சு. 'ராணி' (1952) படத்தில் குழந்தை நட்சத்திரம், 'வீரத்திருமகன்' (1962) படத்தில் ஹீரோயின். அடுத்த இரண்டே வருஷத்தில் காமெடி ரோல்! ஹீரோயினா இருந்தவருக்கு அது சின்ன ரிஸ்க் இல்ல. ஆனா, நாகேஷின் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' படத்தில் நடிக்கத் துடிக்கும் மீனாவா வந்து பின்னிட்டார். அதுக்கப்புறம் காமெடியே அவர் அடையாளம் ஆச்சு. இந்தி ரீமேக்கான 'பியார் கியே ஜா' (1966) படத்தில் அந்த ரோலைச் செய்தவர் மும்தாஜ்!

வீக் எண்டில் முழுப் படத்தையும் பாருங்க. நாகேஷ் பேசும்போது, பக்கத்தில் நிற்கும் சச்சு முகத்தையும் கவனிங்க!