கடற்கோளும் களிமண் கூறும் சான்றும்

ஹட்டன் நகருக்கு அண்மையில் ஓடும் கெஹெல்கமு ஓயாவும், அப்பால் ஓடும் மஸ்கெலியா ஓயாவும் மலையினின்றிறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கை எனப் பெயர்பெற்று மேலைக் கடலிற் கலக்கின்றன. அவ்வாற்றங்கரையிலமைந்த களனி நகர் பற்றி மகாவம்சம் கூறும் செய்தி ஒன்றை வரலாறு கற்போர் அறிவர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அங்கு அரசு செலுத்திய களனிதீசன் குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொல்வித்தான். அதனாற் சினந்த கடற்றெய்வங்கள் நாட்டின்மீது கடலை ஏவின. அச்சினத்தைத் தணிப்பான் வேண்டி, மன்னன் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டான். அக்கலம் தென்கீழ்க் கரையில் ஒதுங்கியது. அங்கு காவன்தீசனை மணந்து துட்டகைமுனுவைப் பெற்றெடுத்த விகாரமாதேவியே அப்பெண்.

தமிழ்மக்களிடத்தும் இத்தகைய செய்திகள் உள. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டமையைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. காணாமற்போன மைந்தனைத் தேடிய சோழன் இந்திரவிழாவை மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். இவை மெய்யோ, கற்பனையோ? ஏட்டில் உள்ளமையால் எழுத்துக்கு எழுத்து மெய்யென்பார் ஒருசாரார். தெய்வமும் சாபமும் கலந்தமையாற் பொய்யென ஒதுக்குவார் மற்றொருசாரார். இவ்விரு சாராரும் வழக்காடினரேயன்றி மூன்றாவது சாட்சியை அழைத்தாரல்லர். அச்சாட்சி நெடுங்காலமாகக் கடற்கரைக் களப்புகளின் அடியிற் கிடந்தது. அதனை உசாவ முற்பட்டோர் புவிச்சரிதவியலார்.

மண் எங்ஙனம் சாட்சி கூறும்? கோடையில் நமது காசல்றீ நீர்த்தேக்கம் வற்றும்போது அதன் கரையோரச் சேற்றை உற்று நோக்குக. அசைவற்ற நீரில் நுண்ணிய வண்டல், ஆண்டாண்டாகப் படிந்து கிடப்பதைக் காணலாம். மணல்மேட்டுக்கு உட்புறமாக உள்ள கடற்கரைக் களப்பிலும் நாள்தோறும் படிவது கரிய களிமண்ணே. அக்களிமண்ணின் நடுவே வெண்மணற் படை ஒன்று திடீரெனத் தோன்றுமாயின், மணல்மேட்டைக் கடந்து ஏதோ ஒரு பெருநீர் உட்புகுந்தது என்பது தெளிவு. அம்மணலில் கடலடியில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கலந்திருக்கும். பருமணல் கீழும் நுண்மணல் மேலுமாக அது அடுக்கப்பட்டிருக்கும். வேகமாக வந்த நீர் வேகந்தணியுந்தோறும் முதலிற் பெரியதையும் பின்னர்ச் சிறியதையும் கைவிடுதலே இதற்குக் காரணம். அலை பெயர்த்தெடுத்த களிமண் கட்டிகளும் அதனுள் சிக்கிக் கிடக்கும். மணற்படைக்கு மேலும் கீழும் உள்ள உயிர்ப்பொருள்களைக் கதிரியக்கக் காபன் முறையால் ஆராய்ந்து காலத்தை ஒருவாறு வரையறை செய்வர்.

புயலும் கடல்மணலைக் கரையேற்றுமன்றோ எனின், அஃது உண்மையே. ஆயின் புயலலை கொணரும் மணல் பெரும்பாலும் கரையை அடுத்தே தங்கிவிடும். கடற்கோள் மணலோ நெடுந்தூரம் உட்செல்லும். அன்றியும், புவிமத்திய கோட்டை நெருங்கிய நமது தென்கரையைக் கடும்புயல் தாக்குதல் அரிது. ஆதலின் அங்குக் கிடைக்கும் மணற்படைகள் பெரிதும் நம்பத்தக்கன.

இவ்வகை ஆய்வுக்கு 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் பேரழிவே தூண்டுகோலாயிற்று. அன்று இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வலை விட்டுச்சென்ற மணலையே அளவுகோலாகக் கொண்டு பழைய படிவுகளை ஒப்புநோக்குதல் இயல்வதாயிற்று. அம்பாந்தோட்டையை அடுத்த கரகன் களப்பின் அடிமண்ணை, நீண்ட குழாய்களை இறக்கி எடுத்து ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2014இல் வெளியிட்டனர். ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்குள் 2004ஆம் ஆண்டினதை ஒத்த பேரலைகள் பலமுறை அக்கரையை மோதியமைக்கு அம்மண் சான்றாயிற்று. அவற்றினிடையே கழிந்த காலம் சில வேளை சில நூற்றாண்டு; சில வேளை ஆயிரம் ஆண்டளவு. 2010இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகம் அக்களப்பு நிலத்தை அகழ்ந்தே அமைக்கப்பட்டது என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

பழைய துறைமுகங்களை நோக்குவோம். ஏரோது மன்னன் அமைத்த செசாரியாத் துறைமுகத்தின் கடலடிப் படிவுகளுள் ஒன்றைக் கி.பி. 115இல் அந்தியோக்கியாவை அழித்த நிலநடுக்கத்தின் விளைவான பேரலையோடு ஆய்வாளர் தொடர்புறுத்துவர். மாமல்லபுரத்துக்கு அணித்தான சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டு அலை மணலை அரித்துச் செல்லவே கல்வெட்டுப் பொறித்த பாறை வெளிப்பட்டது. அதன் வழிச்சென்று அகழ்ந்தோர் முருகன் கோயில் ஒன்றைக் கண்டனர். பல்லவர் காலக் கட்டடத்தின் அடியில் அதனினும் பழைய செங்கற் கோயில் கிடந்தது. அதன் அழிவுக்குக் கடலலையே காரணம் என்பது அவர்தம் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்தின் நிலை வேறு. கீழையூரில் செங்கற் படகுத்துறையும் மரத்தூண்களும் வெளிப்பட்டன; கடலினுள்ளும் கட்டட எச்சங்கள் காணப்பட்டன. எனினும் அந்நகர் ஒரே நாளில் மூழ்கியது எனத் துணிதல் பொருந்தாது. புயல் மிகுந்த அக்கரையைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வந்துள்ளது. நூற்றாண்டுகளாக நிகழ்ந்த அழிவைப் புலவர் ஒருநாட் செய்தியாக்கியிருத்தலும் கூடும்.

களனிதீசன் கதையை இன்ன மணற்படைக்கு உரியது எனக் காட்டுதலும் அரிது. காபன் முறை காட்டுவது ஒரு காலவரம்பையே. அரசன் ஒருவனின் ஆட்சியாண்டை அன்று. மண் கதையை மெய்ப்பிக்கவில்லை. அத்தகைய கதை பிறத்தற்குரிய நிகழ்ச்சி இக்கரையில் மெய்யாகவே நிகழ்ந்தது என்பதனையே நிறுவியது. வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அடுத்தது என்று வரும் என மண் கூறுமோ? சுமாத்திராவின் அச்சே மாகாணத்துக் கடற்குகை ஒன்றில் 7,400 முதல் 2,900 வரை ஆண்டுகளுக்கு முற்பட்ட பதினொரு பேரலைகளின் மணல் அடுக்கடுக்காகக் கிடைத்தது. ஒருகால் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அமைதி. மற்றொருகால் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே பல அலைகள். ஆகவே, நேற்று வந்தது இனி நெடுங்காலம் வாராது என அமைதல் பேதைமை.

ஈண்டு ஓர் உண்மை புலனாகின்றது. நம் முன்னோர் கடற்கோளை மறந்தாரல்லர். காப்பியத்திலும் வம்சக் கதையிலும் போற்றினர். ஆனால் அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது அரசன் செய்த பிழையும் தெய்வத்தின் சினமுமே. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்னும் ஒரு சொல் நம்மை வந்தடையவில்லை. சுமாத்திராவை அடுத்த சிமெலுவே என்னும் சிறுதீவினரோ 1907ஆம் ஆண்டு அலையைக் கண்டபின், நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மலையேறுக என்பதனைத் தாலாட்டிலும் கதையிலும் மக்களுக்குப் புகட்டினர். 2004இல் அங்கிருந்த ஏறத்தாழ 78,000 பேருள் மாண்டோர் பதின்மருக்கும் குறைவே. நமது பெரலியவிலோ, முதலலைக்குத் தப்பியோர் நின்றிருந்த புகையிரதத்தில் ஏறிக்கொண்டனர். அடுத்து வந்த பேரலை ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வாரிச்சென்றது. அலை ஒன்றோடு அமையாது என்பதனை அறிந்தார் அங்கு எவருமிலர்.

அறிந்தும் பயன்கொள்ளாமை அதனினும் கொடிது. யப்பானிற் கி.பி. 869இல் நிகழ்ந்த கடற்கோளை அந்நாட்டு அரச நூல் பதிந்திருந்தது. சென்டாய்ச் சமவெளியின் வயல்களுக்கடியில் அதன் மணலையும் ஆய்வாளர் கண்டறிந்து கூறினர். அவ்வறிவிப்புக்கு ஏற்ற காவல் அமையுமுன் 2011இல் கடல் மீண்டும் வந்தது. பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். புக்குசிமா அணுமின் நிலையமும் கெட்டது.

மலையில் வாழும் எமக்கு இதனால் ஆவதென்ன எனக் கேட்பாரும் உளர். நமது மாணவர் எல்லாரும் மலையிலேயே இருந்துவிடுவதில்லை. தொழில் நாடியும் கல்வி நாடியும் கொழும்புக்கும் காலிக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் செல்கின்றனர். 2004இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு அந்நாளும் விகாரமாதேவியின் கதையைப் போலப் பழங்கதையே. ஏட்டையும் மண்ணையும் ஒருங்கு வைத்துக் கற்பித்து, அவற்றோடு அந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தல் வரலாற்றாசிரியர் கடனாகும்.