விதியா, மறைத்த உண்மையா?

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன் யூரி ககாரின், 108 நிமிடத்தில் விண்ணேகிப் பூவுலகை வலம் வந்து திரும்பினார். தேவர்களின் இருப்பிடம் என்று புராணிகர் கதைத்த வானம், அன்று மனிதனின் பாதையாயிற்று. அந்த வெற்றியைக் கொண்டாடும் நாம், அதன்பின் பலியான உயிர்களையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். மனித உயிரைப் பணயம் வைத்து விண்ணுக்குச் செல்வது தகுமா?

1967ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், தரையில் நடந்த ஒத்திகையிலேயே அப்போலோ கலம் தீப்பற்றி மூன்று வீரர்கள் மாண்டனர். "விதி" என்று கூறி அமெரிக்க அறிஞர்கள் அடங்கிவிட்டனரா? இல்லை. கலத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆராய்ந்தனர். தூய ஆக்சிஜன் நிரம்பிய அறை, எளிதில் எரியும் பொருள்கள், உட்புறமாகத் திறக்கும் கதவு ஆகியவை குற்றவாளிகள் எனக் கண்டனர், திருத்தினர். 1969ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் நிலவில் மனிதன் கால் பதித்தான். அங்கு வென்றது பரிகாரம் அல்ல, பரிசோதனை!

ஆனால் அறிவியலின் இல்லத்திலும் ஆணவம் புகுவதுண்டு. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73ஆம் வினாடியில் சிதறிற்று; எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவாதீர் என்று முன்னிரவே பொறியாளர்கள் மன்றாடினர். அவர்தம் மேலாளர்களே அக்குரலை அடக்கினர். இறுதி முடிவு எடுத்தோரின் செவிக்கு அது எட்டவேயில்லை. பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், ஒரு குவளைப் பனிநீரில் அந்த ரப்பரை அமிழ்த்தி, அதன் மீள்தன்மை குன்றுவதை உலகறியக் காட்டினார்.

இலட்சம் பயணத்தில் ஒன்றுதான் அழியும் என்றது நிர்வாகம். நூற்றில் ஒன்று அழியலாம் என்றனர் பொறியாளர்கள். 1981 முதல் 2011 வரை விண்ணோடங்கள் சென்றவை 135 பயணங்கள், அழிந்தவை இரண்டு. எவர் கணக்கு மெய்யாயிற்று?

இரண்டாவது அழிவு 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் நேர்ந்தது. கிளம்பும்போதே கொலம்பியாவின் இடது இறக்கையை நுரைக்காப்புத் துண்டொன்று தாக்கிற்று. படமெடுத்துப் பார்ப்போம் என்ற பொறியாளர்களின் வேண்டுகோள் அப்போதும் புறக்கணிக்கப்பட்டது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மறைந்தனர். கொன்றது கோளும் அல்ல, நாளும் அல்ல, கேளாச் செவி!

ஆகவே நாம் கூறுவது இது: இடர் இன்னதென அறிந்து, இசைந்து செல்வது வீரம். அதை மறைத்து அனுப்புவது பலி. வேள்வியில் வெட்டப்படும் ஆட்டிடம் எவரும் இசைவு கேட்பதில்லை. மனிதனை அந்நிலைக்குத் தாழ்த்த அறிவியலுக்கும் உரிமை இல்லை. எச்சரிப்பவன் குரலுக்கு ஏவுபவன் செவிசாய்க்கும் வரை விண்பயணம் தகும். அக்குரலை அடக்கிய மறுகணமே தகாது.

இளைஞர்காள்! வானத்தை வெல்ல ராக்கெட் மட்டும் போதாது. அதிகாரத்தின் முன் "ஏன்?" என்று கேட்கும் நெஞ்சுரமும் வேண்டும்.